வலிக்கு வைத்தியம்: அன்று வாக்கு, இன்று கணக்கு

இடுப்புப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போனவருக்கு 1960களில் கிடைத்த அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் படுங்கள், வலி போகும்வரை எழுந்திருக்க வேண்டாம். ஒரு வாரம் என்று சொல்வார்கள். அது இரண்டு, மூன்று வாரமாக நீள்வதும் உண்டு. இன்று அதே வலியோடு போனால், ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லையென்றால், படுத்துக்கிடக்காதீர்கள், முடிந்தவரை வழக்கமான வேலையைப் பாருங்கள் என்பார்கள். இடுப்பும் மாறவில்லை, வலியும் மாறவில்லை, அறிவுரைதான் தலைகீழாகிவிட்டது.

பழைய அறிவுரைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஓய்வே வலிக்கு மருந்து என்று லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் ஆற்றிய உரைகள் 1863இல் நூலாக வந்தன. தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் அந்தக் கருத்தைப் படித்து வளர்ந்தார்கள். எத்தனை நாள் ஓய்வு என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் ரிச்சர்ட் டெயோவின் குழு அதை எண்ணி 1986இல் வெளியிட்டது. இடுப்பு வலியோடு வந்த 203 பேரில் ஒரு பாதிக்கு இரண்டு நாள் படுக்கை, மறு பாதிக்கு ஏழு நாள். யாருக்கு எது என்பதைத் தீர்மானித்தது மருத்துவரின் மனம் அல்ல, குலுக்கல். ஏழு நாள் அறிவுரை பெற்றவர்கள் சராசரியாக 5.6 நாள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு நாள் அறிவுரை பெற்றவர்கள் 3.1 நாள். குணமானதில் வேறு வித்தியாசம் இல்லை. 1995இல் ஹெல்சின்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. படுத்தவர்களையும் தனிப் பயிற்சி செய்தவர்களையும்விட, வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினார்கள். ஹில்டனின் நூலிலிருந்து டெயோவின் எண்ணிக்கைக்கு 123 ஆண்டுகள்.

அன்றைய மருத்துவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று இதற்குப் பொருளல்ல. அவர்களுடைய அறிவு கையிலிருந்து கைக்கு வந்தது. பல இடங்களில் அது அருமையாகப் பலித்தது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை முறைகளை அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வேலூரில் 1940களின் இறுதியில் உருவாக்கத் தொடங்கினார். அங்கேயே மருத்துவம் பயின்ற மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளுக்கு அறுவை செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1966இல் திறந்த மறுவாழ்வு நிலையத்துக்கு வழிகாட்டினார். மடங்கிய விரல் நிமிர்ந்து ஒரு தம்ளரைப் பிடித்தால், சிகிச்சை பலித்ததா என்று கேட்க ஒப்பீட்டுக் குழு தேவையில்லை. கண்ணே சாட்சி.

நாள்பட்ட வலிக்கு அப்படிச் சாட்சி கிடையாது. அது ஏறும், இறங்கும், சில வாரம் காணாமல் போகும். தாங்க முடியாத உச்சத்தில்தான் மனிதர் மருத்துவரைத் தேடுகிறார். உச்சத்துக்குப் பிறகு எதைக் கொடுத்தாலும், எதையும் கொடுக்காவிட்டாலும், பலருக்கு வலி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இறங்கிய பெருமை அந்த நேரத்தில் கையில் இருந்த சிகிச்சைக்குப் போய்விடும். கையால் தொட்டறிந்த அனுபவம் இந்த ஓர் இடத்தில் மட்டும் நல்ல மருத்துவரையும் ஏமாற்றியது.

ஏமாற்றத்தின் அளவை ஹியூஸ்டன் நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு உள்நோக்கிக் கருவியை நுழைத்து மூட்டைக் கழுவிச் சுத்தப்படுத்தும் அறுவை அப்போது அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆறரை லட்சத்துக்கும் மேல் நடந்துவந்தது. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 5,000 டாலர் செலவு. செய்துகொண்டவர்களில் பலர் வலி குறைந்ததாகவே சொன்னார்கள். புரூஸ் மோஸ்லியின் குழு 180 பேரை மூன்றாகப் பிரித்தது. சிலருக்கு மூட்டின் உட்பரப்பைச் சீராக்கும் அறுவை, சிலருக்குக் கழுவல் மட்டும், மீதிப் பேருக்குத் தோலில் கீறித் தைத்ததோடு சரி. எல்லாருக்கும் ஒரே மருத்துவர், ஒரே அறுவை அரங்கு. இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தும், வெறும் கீறல் பெற்றவர்களைவிட மற்றவர்களுக்கு எந்தக் கட்டத்திலும் வலி குறைவாக இல்லை.

இந்த ஆய்வில் சேர்ந்தவர்கள், தமக்குக் கிடைக்கப்போவது வெறும் கீறலாக இருக்கலாம் என்பதையும், அதனால் மூட்டுக்கு எந்தப் பயனும் இராது என்பதையும் தெரிந்தே சம்மதிப்பதாகத் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார்கள். தகுதியுள்ள 324 பேரில் 144 பேர் மறுத்துவிட்டார்கள். முன்பு நோயாளியிடம் கேட்கப்பட்டது நம்பிக்கை. இப்போது கேட்கப்படுவது, அறியாமையில் பங்கேற்கும் துணிவு.

மாத்திரையின் கதை இன்னும் கசப்பானது. 1980இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் தங்கி அபின் வகை வலி மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வருக்கு மட்டுமே அடிமைப்பழக்கம் ஏற்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்பது அதன் சாரம். மருத்துவமனைக் கண்காணிப்பில் இருந்த நோயாளிகளைப் பற்றிய அந்தக் குறிப்பை, வீட்டில் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களுக்கும் பொருத்திப் பேசினார்கள். 2017இல் கணக்கிட்டபோது அக்கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு, அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. அடுத்த ஆண்டில் மின்னியாபொலிஸைச் சேர்ந்த எரின் கிரெப்ஸின் குழு 240 பேரின் ஓராண்டு முடிவை வெளியிட்டது. நாள்பட்ட இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் அபின் வகை மாத்திரையும் சாதாரண வலி மாத்திரைகளும் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. அன்றாடச் செயல்பாட்டில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. வலியின் அளவு பத்துக்கு அபின் குழுவில் 4.0, மற்றதில் 3.5. பக்கவிளைவு அபின் குழுவில் அதிகம். ஐந்து வாக்கியத்துக்குப் பதில் வர 38 ஆண்டுகள் ஆயின. இடையில் அமெரிக்காவில் இவ்வகை மருந்துகளால் போன உயிர்களை எந்த ஆய்வும் திருப்பித் தராது.

எல்லாப் பழைய முறையும் இப்படிச் சரிந்துவிடவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பணியாற்றிய வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு பெட்டியும் ஒரு கண்ணாடியும் வைத்துக்கொண்டு செய்த வேலை பழைய பாணியைச் சேர்ந்ததுதான். கை துண்டிக்கப்பட்டவருக்கு இல்லாத கையில் வலி. மேசை மேல் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். இறுக மூடிக் கிடந்த 'கை' கண்ணாடியில் விரியக் கண்டு, உள்ளே இருந்த பிடிப்பு தளர்ந்தது. 1996இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் மொத்தம் பத்து நோயாளிகள். அப்படிப்பட்ட பிடிப்பு வலி இருந்த ஐவரில் நால்வருக்கு நிவாரணம். குழு பிரிக்கவில்லை, குலுக்கல் இல்லை. ஒரு கூர்மையான கண், ஒரு மலிவான பொருள்.

2007இல் அதே கண்ணாடி வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஒழுங்கான சோதனைக்கு வந்தது. கால் இழந்த 22 பேர், மூன்று குழு. ஒரு குழுவுக்குக் கண்ணாடி, ஒரு குழுவுக்குத் துணியால் மூடிய கண்ணாடி, ஒரு குழுவுக்கு மனக்கற்பனை மட்டும். நாளுக்கு 15 நிமிடம், நான்கு வாரம். முடித்தவர்கள் 18 பேர். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது; மூடிய கண்ணாடிக் குழுவில் ஒருவருக்கு மட்டுமே. பிறகு வந்த தொகுப்பாய்வுகள் எண்ணிக்கை சிறிது, சான்று போதாது என்று எச்சரித்தன. மலிவான யோசனைக்குப் பெரிய ஆய்வு நடத்தப் பணம் போடுபவர் குறைவு. இன்றைய முறை கேட்கும் விலையில் இதுவும் ஒரு பகுதி: காப்புரிமை உள்ள மாத்திரைக்கு ஆயிரக்கணக்கில் நோயாளிகள், கண்ணாடிக்குப் பதினெட்டுப் பேர்.

படுக்கை ஓய்வு பற்றிய கேள்வி வலியோடு நிற்கவில்லை. பக்கவாதத்தில் மாற்றம் இன்னும் நுட்பமானது. அன்று நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். பிறகு சீக்கிரம் எழுப்புவது நல்லது என்றானது. எனில் மிகச் சீக்கிரம் எழுப்பினால் மிக நல்லதா? ஐந்து நாடுகளில், 56 மருத்துவமனைகளில், 2,104 பேரிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, அதிகமாக எழுப்பி நடக்கவைத்த குழுவில் மூன்று மாதத்துக்குப் பின் நல்ல நிலையில் இருந்தவர்கள் 46%. வழக்கமான கவனிப்பில் 50%. 2015இல் வெளிவந்த இந்த முடிவு, படுக்கையை எதிர்த்த புதிய உற்சாகத்துக்கும் கடிவாளம் போட்டது.

இந்தியாவில் கேள்வி வேறு. இங்கே பக்கவாதம் வந்தவரைத் தூக்கி உட்காரவைப்பதும், கையைப் பிடித்து நடத்துவதும் என்றும் வீட்டார்தான். அவர்களுக்கே முறையான பயிற்சி கொடுத்தால்? 14 இந்திய மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து, மனைவிக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் கற்றுக்கொடுத்து, இரண்டு மாதம் வரை வீட்டிலும் தொடர்ந்த ஆய்வு 2017இல் முடிவைச் சொன்னது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களும் பயிற்சிக் குழுவில் 47%, மற்றதிலும் 47%. யாரும் விரும்பாத முடிவு. ஆனாலும் அது பெட்டிக்குள் போகவில்லை. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். எதை அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், பின்னால் வசதிக்கு ஏற்ப மாற்றுவதும் பிடிக்காததை மறைப்பதும் கடினம். அன்று தோற்ற சிகிச்சைகள் சத்தமில்லாமல் மறைந்தன, அல்லது தோற்றது தெரியாமலே தொடர்ந்தன. இன்று தோல்விக்கும் ஓர் எண் உண்டு.

அந்த எண்ணுக்குள் போகாதவையும் உண்டு. நம் வீடுகளில் வலி ஒன்றல்ல: குடைச்சல், உளைச்சல், குத்தல், எரிச்சல், கடுப்பு, மதமதப்பு. பழைய மருத்துவர் இதைக் கேட்டு நோயை ஊகித்தார். ஆய்வுப் படிவத்தில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒன்றைச் சொன்னால் போதும். இரண்டு புள்ளி, அல்லது 30% குறைந்தால் நோயாளி அதை உண்மையான நிவாரணமாக உணர்கிறார் என்று 2001இல் கணக்கிட்டார்கள். ஆயிரம் பேரை ஒப்பிட வேறு வழியில்லை என்பது உண்மை. அவர்களில் ஒருவரின் இரவு எப்படிப் போனது என்பது அதில் இல்லை என்பதும் உண்மை.

எண் இன்னொரு புதிரையும் கொண்டுவந்தது. சுசெட்ரிஜின் என்ற புதிய வகை வலி மருந்துக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி அளித்தது, ஆனால் திடீர் வலிக்கு மட்டும். கால் வரை இறங்கும் நரம்பு வலியில் அதற்குச் சற்று முன் சோதித்தபோது மருந்து பெற்றவர்களுக்கு வலி 2.02 புள்ளி குறைந்தது. மருந்துப்போலி, அதாவது மருந்தில்லாத போலி மாத்திரை, பெற்றவர்களுக்கு 1.98. இது தனி நிகழ்வல்ல. 1990க்கும் 2013க்கும் இடைப்பட்ட நரம்பு வலி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அமெரிக்காவில் நடந்தவற்றில் மருந்துப்போலியின் பலன் ஆண்டுக்கு ஆண்டு ஏறிவந்திருந்தது. ஆய்வுகள் அங்கே பெரிதாகவும் நீளமாகவும் ஆனது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. தவறாமல் வரச்சொல்லி, பெயர் சொல்லி அழைத்து, வலி எப்படி இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்கும் இடம் நாள்பட்ட வலிக்காரருக்கு வேறெங்கே இருக்கிறது?

அப்படிக் கேட்பதையே சிகிச்சையாக்கிச் சோதித்த ஆய்வு ஒன்று ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் சிட்னியிலும் நடந்து 2023இல் வெளியானது. மூன்று மாதத்துக்கு மேல் இடுப்பு வலியுள்ள 492 பேர். பல மாதம் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் 12 வாரத்தில் ஏழு முறை வரை அவர்களோடு உட்கார்ந்தார்கள். முதலில் கதையை முழுதாகக் கேட்டார்கள். எந்த அசைவுக்குப் பயப்படுகிறார் என்று கண்டார்கள். அந்த அசைவையே மெல்லச் செய்யவைத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களின் அன்றாடச் செயல்பாடு தெளிவாகத் தேறியது. ஓராண்டுக்குப் பின்னும் அது நிலைத்தது. போலியாகக் கேட்பது என்று ஒன்றை உருவாக்கி எதிரே வைப்பது எளிதல்ல என்பதால், இந்த ஒப்பீட்டில் ஓர் இளக்கம் உண்டு. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரி.

வரவு பெரியது: தேவையற்ற கீறல்கள் குறைந்தன, படுக்கை நாட்கள் குறைந்தன, யாருடைய வாக்கும் சோதனைக்கு அப்பாற்பட்டதல்ல என்றானது. செலவு, மருத்துவரின் அந்தப் பழைய உறுதி. சரியாகிவிடும் என்ற வாக்கே பாதி மருந்தாக இருந்த காலம் போய்விட்டது. அந்தப் பாதியை இப்போது நேரம் கொடுத்துத்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வில் முதல் சந்திப்புக்கே ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். நம் புறநோயாளிப் பிரிவின் வரிசையில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்த ஒரு மணி நேரம் பலன் தரும் என்று கணக்குக் காட்டிவிட்டது. அதற்கு ஆள் போட்டுச் சம்பளம் கொடுப்பது யார் என்பதை மட்டும் எந்த ஆய்வாலும் முடிவுசெய்ய முடியாது.