வானியலின் வாசலை மூடும் அட்டவணை

வீராணம் ஏரிக்கரையின் லால்பேட்டையிலிருந்து ஓர் இசுலாமிய மாணவியோ, அருகிலுள்ள காட்டுமன்னார்கோயிலின் சேரியொன்றிலிருந்து ஒரு தலித் மாணவரோ இயற்பியல் பயில விரும்பினால், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை செல்ல இன்று வழி உண்டு. அது போராடிப் பெற்ற வழி. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் கல்விப் பணியும், காட்டுமன்னார்கோயிலின் எல். இளையபெருமாள் தலைமையிலான குழு 1969இல் அளித்த தீண்டாமை குறித்த அறிக்கையும் அவ்வழியின் மைல்கற்கள். ஆனால் முதுகலை முடித்து வானியல் ஆய்வாளராக முனையும் இடத்தில் வழி குறுகிவிடுகிறது. அங்கே தடுப்பது ஆர்வக் குறைவன்று. சட்டத்திலேயே விடப்பட்டுள்ள ஓர் இடைவெளி.

மத்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான இடஒதுக்கீட்டுச் சட்டம், 2006, பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும், பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும், பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடும் வழங்குகிறது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, ‘உயர்சிறப்பு’, ‘ஆராய்ச்சி’ என்னும் பெயர்களில் சில நிறுவனங்களுக்கு விலக்களிக்கிறது. அவற்றின் பெயர்கள் சட்டத்தின் அட்டவணையில் உள்ளன: மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம், ஓமி பாபா தேசிய நிறுவனத்தின் உறுப்பாகிய சென்னைக் கணித அறிவியல் நிறுவனம் முதலியன. புனேயின் தேசிய வானொலி வானியற்பியல் மையம் டாடா நிறுவனத்தின் ஓர் அங்கம். நாட்டின் வானியல், விண்வெளி அறிவியல் ஆய்வில் முன்னணியில் நிற்கும் இடங்கள் பல இவ்வாறு சட்டத்தின் கடமைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன.

அடுத்த தடை பணம். முனைவர் பட்ட ஆய்வு ஐந்தாறு ஆண்டுகள் நீளும். முதல் தலைமுறைப் பட்டதாரியின் குடும்பம் அத்தனை ஆண்டுகள் காத்திருக்க இயலாது. சிறுபான்மை மாணவர்க்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022–23 முதல் நிறுத்தப்படுவதாக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் மக்களவையில் அறிவித்தது. பிற திட்டங்களோடு அது ஒன்றின்மேல் ஒன்றாக அமைகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். லால்பேட்டை போன்ற ஊர்களுக்கு இது நேரடி இழப்பு.

இடஒதுக்கீடு தரத்தைக் குறைக்கும் என்போர் மேகநாத் சாகாவை நினைக்கட்டும். விண்மீன்களின் நிறமாலையைப் படிக்க உலகம் இன்றும் பயன்படுத்தும் அயனியாக்கச் சமன்பாட்டை 1920இல் அளித்தவர் அவர். தாழ்ந்ததெனக் கருதப்பட்ட சாதியில் பிறந்தமையால், கல்கத்தா ஈடன் இந்து விடுதியில் உயர்சாதி மாணவரோடு அமர்ந்து உண்ண அவருக்கு இடமில்லை. அவர் தடைகளைத் தாண்டினார். தாண்ட இயலாது போனோரின் கணக்கு எவரிடமும் இல்லை.

மாற்று வழிகள் உள்ளன. அமெரிக்காவில், கறுப்பினத்தவர்க்கான வரலாற்றுப் புகழ்பெற்ற ஃபிஸ்க் பல்கலைக்கழகமும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் 2004 முதல் முதுகலையிலிருந்து முனைவர் பட்டத்திற்கு ஓர் இணைப்புத் திட்டத்தை நடத்தின. உதவித்தொகையும் வழிகாட்டியும் அதில் உண்டு. அமெரிக்க வானியல் கழகம், சேர்க்கையில் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணின் ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது.

இங்கும் இயலும். மலையாளிப் பழங்குடியினர் வாழும் சவ்வாது மலையின் காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் மாநிலப் பல்கலைக்கழகங்களோடு இத்தகைய இணைப்புத் திட்டத்தைத் தொடங்கலாம். விலக்கு அட்டவணையைத் திருத்தப் புதிய சட்டமும் தேவையில்லை. ஒன்றிய அரசின் அறிவிக்கை ஒன்றே போதும் என அச்சட்டமே கூறுகிறது.

மாணவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. விண்ணப்பித்தோர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டோர், சேர்ந்தோர், பட்டம் முடித்தோர் ஆகியோரின் எண்ணிக்கையைச் சமூகப் பிரிவுவாரியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய். கணக்கு வெளிவந்தால்தான் கோரிக்கைக்கு வலுச்சேரும்.