நன்றாகப் பேசும் பிள்ளைக்கும் ஆட்டிசம் இருக்கலாம்

ஆட்டிசம் என்றதும் பேச்சு வராத குழந்தைதான் நம் நினைவுக்கு வரும். இரண்டு வயதாகியும் வாய் திறக்காத பிள்ளையைப் பெற்றோர் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மழலை மாறும் முன்பே பெரிய மனுஷன்போலப் பேசுகிற பிள்ளையைப் பற்றிப் பெருமைதான் படுகிறார்கள். வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் விவரித்த சிறுவர்கள் இந்த இரண்டாம் வகைக்கு நெருக்கமானவர்கள். 1981இல் பிரிட்டன் மனநல மருத்துவர் லோர்னா விங் இந்நிலையை ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம் என்று எழுதிப் பரவலாக்கினார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு அதைத் தனி நோயறிதலாக வைத்திராமல், ஆட்டிசம் நிறமாலைக்குள் சேர்த்துவிட்டது. பெயரை எடுத்தாயிற்று, அந்தக் குழந்தைகள் நம் வகுப்பறைகளில்தான் இருக்கிறார்கள். பேச்சையும் மதிப்பெண்ணையும் மட்டும் அளவுகோலாக வைத்திருக்கும் வரை அவர்கள் நம் கண்ணில் படமாட்டார்கள் என்பதே என் வாதம்.

கவனிக்க வேண்டியது பேச்சு வந்ததா என்பதை அல்ல, அது எதற்குப் பயன்படுகிறது என்பதை. ரயில் எண்களையும் அவை நிற்கும் ஊர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் சிறுவன், எதிரில் இருப்பவர் கொட்டாவி விடுவதையோ கடிகாரத்தைப் பார்ப்பதையோ அறிவதில்லை. “உனக்கு என்ன பிடிக்கும்?” என்று அவன் திருப்பிக் கேட்பதுமில்லை. “இதைக் கண்ணை மூடிக்கிட்டே எழுதிடலாம்” என்று ஆசிரியர் சொன்னால், நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு பேனாவை எடுப்பான். வகுப்பு சிரிக்கும், ஏன் என்று அவனுக்குப் புரியாது. இவற்றோடு உடலின் கூருணர்வும் சேர்கிறது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வது, சட்டைக் காலரில் உறுத்தும் லேபிளுக்காக அழுவது, வழக்கமான பாதையை விட்டு ஆட்டோ திரும்பினால் நிலைகுலைவது எல்லாம் பிடிவாதம் என்றே எண்ணப்படுகின்றன.

‘எல்லாக் குழந்தையும் ஏதாவது ஒன்றில் பைத்தியமாகத்தானே இருக்கும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிரிக்கெட் பித்தோ கூச்சமோ தனியாக இருந்தால் அது ஆட்டிசம் ஆகாது. பழகுவதில் உள்ள சிரமமும், குறுகிய ஆர்வம், மாறாத வழக்கம் போன்றவையும் சிறுவயது முதலே சேர்ந்திருந்து அன்றாட வாழ்க்கையைத் தடுக்க வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை பழகியவர்களிடம் கலகலப்பாகிவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பழகியவர்களிடமும் உரையாடலின் கொடுக்கல் வாங்கல் பிடிபடாது. சின்ன வயதில் தெரியாதது பின்னால் எப்படி முளைக்கும் என்றும் கேட்பார்கள். அது முளைப்பதில்லை. நட்பு, குழு விளையாட்டு, கேலி என்று பழகும் தேவைகள் பிள்ளையின் திறனைத் தாண்டும்போதுதான் வெளியே தெரிகிறது. பெண் குழந்தைகளில் பலர் தோழிகளைப் பார்த்து அவர்களைப் போலவே நடித்துச் சமாளிப்பதால் இன்னும் தாமதமாகிறது. பள்ளியில் சமர்த்து என்று பெயரெடுத்து, வீட்டுக்கு வந்ததும் காரணமில்லாமல் வெடித்து அழும் சிறுமியை நாம் கூடுதல் அக்கறையோடு பார்க்க வேண்டும்.

முத்திரை குத்திவிடுவார்களே என்ற பயம்தான் பெற்றோரை அதிகம் தடுக்கிறது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது: ‘திமிர் பிடித்தவன்’, ‘யாரோடும் ஒட்டாதவள்’. அவற்றால் பிள்ளைக்குத் திட்டும் அடியும்தான் கிடைக்கும். மருத்துவர் தரும் பெயரோடு ஆசிரியருக்கு ஒரு விளக்கமும், பயிற்சிக்கு ஒரு வழியும் வருகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கும் அது பொருந்தும்.