வயல் காய்ந்துவிட்டதா?

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி வடக்கே போனால், பெனாகா, கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்து நெல்வயல்கள் தென்படும். சுங்கை மூடா ஆற்றுத் தண்ணீரில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் நிலம் இது. தமிழ்நாட்டு மானாவாரி விவசாயி மண்ணை அள்ளிப் பார்ப்பது, விதைக்க ஈரம் போதுமா என்று அறியத்தான். இங்கே முதல் உழவுக்கு முன் அறிய வேண்டியது, மண் போதுமான அளவு காய்ந்திருக்கிறதா என்பதே.

காரணம், கடலோரக் களிமண். அறுவடை முடிந்த கொஞ்ச நாளில் அடுத்த போகத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டால், அடிமண் காய நேரமே கிடைக்காது. சேற்றுக்கு அடியில் வண்டியின் பாரத்தைத் தாங்கும் கெட்டிப் படுகை வலுவிழக்கிறது. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் புதைகின்றன. அவை விட்டுச்சென்ற பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, அடுத்த முறை இன்னும் ஆழமாகப் புதைகின்றன. மலாய் விவசாயிகள் 'தானா ஜெர்லுஸ்' என்று சொல்லி அலுத்துக்கொள்வது இந்த மண்ணைத்தான்.

மேற்பரப்பு வெடித்திருப்பதை நம்பி இறங்கக் கூடாது. மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் திரிபோல உருட்ட வேண்டும். 3 மில்லிமீட்டருக்கும் மெலிதாக அறுபடாமல் நீண்டால் மண் இன்னும் ஈரம். அந்தப் பருமனுக்கு வரும்போதே உதிர்ந்தால் உழவுக்குப் பதம். சுவீடன் நாட்டு அட்டர்பெர்க் 1911இல் வகுத்த முறையிலிருந்து வந்த இந்தச் சோதனையை, சாலை போடும் பொறியாளர்கள் இன்றும் செய்கிறார்கள். செலவே இல்லாத இதைவிட நல்ல முதல் சோதனை எனக்குத் தெரியவில்லை.

எண்ணாகத் தெரிய வேண்டுமானால், ஈரமண்ணை எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் ஒரு நாள் வைத்து, மறுபடி எடைபோடுவார்கள். குறைந்த எடையை உலர்ந்த மண்ணின் எடையால் வகுத்தால் ஈரத்தின் விகிதம் கிடைக்கும்.

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரங்காட்டியோ வயலிலேயே பதில் சொல்லிவிடும். மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என நான்கு விளக்குகளில் ஒன்று எரியும். நீலம் என்றால் நிறைந்த ஈரம், சிவப்பு என்றால் வறட்சி. கரும்புத் தோட்டத்தில் அது தண்ணீர் பாய்ச்சும் நேரத்தைச் சொல்வதற்கு. பினாங்கில் அதன் நீல விளக்கு டிராக்டரை நிறுத்திவைக்கச் சொல்லலாம். ஆனால் மண்ணின் மின்கடத்தலை வைத்து ஈரத்தைக் கணிக்கும் எந்தக் கருவியையும் உப்பு ஏமாற்றும். கடலை ஒட்டிய வயல்களில் கருவி காட்டுவதைத் திரி உருட்டிச் சரிபார்ப்பது நல்லது, அதுவும் வயலின் மிகத் தாழ்ந்த மூலையில்.