பூத்தும் காய்க்காத ஆப்பிள் மரம்

இமாசலப் பிரதேசத்து மலைச்சரிவில் ஒரு வீட்டுக் கொல்லை. அதில் ஒற்றையாக நிற்கிறது ஓர் ஆப்பிள் மரம், ராயல் டெலிஷியஸ் வகை. ஏப்ரலில் இலையே தெரியாத அளவுக்குப் பூக்கிறது. ஆனால் காய்ப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மலட்டு மரம் என்று முடிவு கட்டிக் கோடரியைத் தேடலாமா? கூடாது. மரத்தில் ஒரு குறையும் இல்லை. அதற்குத் துணை இல்லை, அவ்வளவுதான்.

கடையில் வாங்கிய ஆப்பிள் ஒன்றைக் காம்பிலிருந்து கீழாக வெட்டாமல், குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் நட்சத்திரம்போல் ஐந்து அறைகள் தெரியும். அறைக்கு இரண்டாகப் பெரும்பாலும் பத்து விதைகள் வரை இருக்கலாம். ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியே ஒரு மகரந்தத்தூள் வந்திருக்க வேண்டும்! சூலகமுடியில் ஒட்டிய தூள் முளைத்து, மெல்லிய குழாயாகச் சூலகத்தண்டினுள் இறங்கிச் சூலை அடைகிறது. இதற்குச் சில நாட்கள் ஆகும். குளிர் மிகுந்தால் இன்னும் தாமதம்.

இங்கேதான் தடை. வந்த தூள் தன் மரத்தினுடையதே என்றால், சூலகத்தண்டில் சுரக்கும் ஒரு நொதி அக்குழாயிலுள்ள ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து அதைப் பாதிவழியில் நிறுத்திவிடுகிறது. அப்படியானால் பக்கத்தில் இன்னொரு ராயல் டெலிஷியஸ் நட்டால் போதுமே என்பீர்கள். போதாது. ஆப்பிள் வகைகள் ஒட்டுக்கட்டிப் பெருக்கப்படுகின்றன. ஆகவே ஆயிரம் மரங்கள் நின்றாலும் மரபுவழியில் அவை ஒரே மரந்தான்! அதே சமயத்தில் பூக்கும் வேறு வகை வேண்டும். கோல்டன் டெலிஷியஸ் இதற்கு ஏற்றது. இமாசலத் தோட்டக்காரர்கள் பிறவகை மரத்தின் பூங்கிளைகளை வெட்டித் தண்ணீருடன் மரங்களில் கட்டித் தொங்கவிடுவதும், தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து வைப்பதும் இதனால்தான்.

தேனீயைப் பற்றிப் பௌதிக ஆசிரியன் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. பறக்கும்போது தேனீயின் உடலில் நேர்மின்னூட்டம் ஏறுகிறது. அது பூவை நெருங்கியதும் மகரந்தத்தூள் தானே தாவி ஒட்டிக்கொள்ளும். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்கிறதே, அதே தத்துவம். ஆனால் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் தேனீ கூட்டைவிட்டு அதிகம் வெளிவராது. பூக்கும் வாரத்தில் மழையும் குளிரும் சேர்ந்து வந்தால் அவ்வருட மகசூலே போயிற்று.

கருவுற்ற பின் காயை வளர்ப்பவை விதைகளே. அவற்றில் உண்டாகும் ஆக்சின், ஜிப்ரலின் போன்ற வளர்ச்சிப் பொருள்கள்தான், சூற்பையைச் சூழ்ந்துள்ள பூத்தளப் பகுதியைச் சதையாகப் பருக்கச் செய்கின்றன. (நாம் தின்பது அச்சதையை, உண்மையான கனி, நாம் எறிந்துவிடும் நடுப்பகுதி!) ஒரு பக்கத்து அறைகளில் விதை இல்லையென்றால் அப்பக்கம் சூம்பி, ஆப்பிள் கோணலாகிவிடும். விதை மிகக் குறைந்த பிஞ்சுகள் பூத்த சில வாரங்களிலேயே உதிர்ந்துவிடுகின்றன. நன்கு காய்த்த மரமும் தாங்க முடியாத பிஞ்சுகளை உதிர்க்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சரி, அந்தக் கொல்லையில் இரண்டாவது மரத்திற்கு இடமில்லை என்றால்? அதே மரத்தின் ஒரு கிளையில் கோல்டன் டெலிஷியஸை ஒட்டுக்கட்டிவிடலாம். சில ஆண்டுகளில் அந்தக் கிளை பூக்கும். தேனீக்கு ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குத் தாவினாலே போதும்.