ஆளும் வீடு சேரும். காரும் வீடு சேரும்!

விருந்து முடிந்தது. குடித்தவர் சாவியைத் தேடுகிறார். தடுத்தால், "வண்டியை விட்டுவிட்டு எப்படி வருவது?" என்கிறார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, எங்கும் இதே பேச்சுதான்!

இதற்கு வழி கண்டவர் ஒரு கணக்குப் பேராசிரியர். பெயர் ழான் மாரி டி கோனிங்க். ஊர் கனடாவின் கியூபெக் நகரம். ஆண்டு 1984.

அங்கே டிசம்பர் மாத இரவில் டெலிபோன் செய்தால் மூன்று தொண்டர்கள் வருவார்கள். ஒருவர் குடித்தவரின் காரை ஓட்டுவார். ஒருவர் வழி சொல்வார். மூன்றாமவர் தங்கள் காரில் பின்தொடர்வார். கூலி கிடையாது. விரும்பிக் கொடுக்கும் பணம் இளைஞர் விளையாட்டுக்குப் போகும். பேராசிரியர் நீச்சல் பயிற்சியாளரும் ஆயிற்றே!

பெயர் "சிவப்பு மூக்கு இயக்கம்". குடிகாரர் மூக்கு அல்ல; கிறிஸ்துமஸ் கதையில் வரும் மானின் மூக்கு!

மேல்நாடுகளில் பழங்காலக் காரைக் குலுக்கலில் பரிசாக வைத்து, நல்ல காரியங்களுக்குப் பணம் திரட்டுவதும் உண்டு. நம் அரசே 1968-ல் ஒரு ரூபாய்ப் பரிசுச் சீட்டு விற்றது. 2003-ல் லாட்டரிக்குத் தடை வந்தது. அந்த வழி இங்கே இல்லை.

ஆனால் தொண்டுக்குத் தடை ஏது? நம் பக்கம் மோட்டார் சைக்கிள்தான் அதிகம். போதையில் இருப்பவரைப் பின்னால் உட்கார வைப்பது ஆபத்து. குடிக்காத ஒருவர் அவரை ஆட்டோவில் அழைத்து வரட்டும். இன்னொருவர் வண்டியை ஓட்டி வரட்டும்.