லேசர் கதிர் படுமுன் கேட்க வேண்டியவை

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலை, திருப்பலி முடிந்து திரும்பியபோது பங்கு இல்லத் திண்ணையில் ஒரு தாயும் மகளும் காத்திருந்தனர். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் அந்தப் பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ஓலை வாசிப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்கள் என்றே எண்ணினேன். ஆனால் தாயோ, "சாமி, ஓலையைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?" என்று கேட்டார். மகள் மெல்ல முக்காட்டை விலக்கினாள். இரு கன்னங்களிலும் தாடையின் ஓரத்திலும், விரல் நக அளவில் கட்டம் கட்டமாகக் கருத்த தழும்புகள்!

நடந்தது இதுதான். முகத்தில் வளர்ந்த முடியை லேசர் கதிரால் நீக்கிக்கொள்ள, நகரத்திலுள்ள ஓர் அழகு நிலையத்துக்குச் சென்றிருக்கிறார்கள். ஆறு தடவைக்கும் சேர்த்து முன்பணம் கட்டினால் பாதி விலை என்றார்களாம், கட்டிவிட்டார்கள். டாக்டர் யாரும் பார்க்கவில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறாய், வெயிலில் அலைகிறாயா என்று எவரும் வினவவில்லை. முதல் தடவையிலேயே கன்னம் கொப்பளித்துவிட்டது.

முகத்தில் முடி நீக்குவது வீண் அலங்காரமன்றோ என்று சிலர் கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள், மேலுதட்டிலும் மோவாயிலும் முடி வளர்ந்த ஒரு பெண்பிள்ளை பள்ளியிலும் பேருந்திலும் படும் கேலியை அறியாதவர்கள். கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் அரைத்துப் பூசி, பலனின்றிக் கண்ணீர் விட்ட பெண்கள் நம் வீடுகளிலேயே உண்டு. லேசர் நல்லதொரு சிகிச்சைதான். அது நெருப்பைப் போன்றது என்பதை மட்டும் மறந்துவிடலாகாது. அடுப்பிலும் எரியும், கூரையிலும் எரியும்.

கதிர் செய்யும் வேலை

முடிக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறமி. லேசர் கதிரை அந்நிறமி ஈர்த்துச் சூடாகிறது. அச்சூடு முடியின் வேர்ப்பையைத் தாக்கி, மீண்டும் முளைக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. ஆனால் அதே மெலனின்தான் நமது தோலுக்கும் நிறம் தருகிறது. வெள்ளையர் தோலில் கதிர் நேராக முடியைச் சென்றடையும். நம்மைப் போன்ற மாநிறத்தவர், கருநிறத்தவர் தோலிலோ அது வழியிலேயே மேல்தோலைச் சுட்டுவிடக்கூடும். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது இதுவே.

ஆகவே எந்த லேசர் என்பது முதன்மையான கேள்வி. அலைநீளம் கூடக்கூட, மேல்தோலின் நிறமி கதிரை ஈர்ப்பது குறையும். 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளிர்நிறத் தோலுக்கு ஏற்றது. நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் மிகவும் பாதுகாப்பானது என்பது தோல் மருத்துவர்கள் கருத்து. 800 முதல் 810 வரையுள்ள டையோடு லேசரையும், தோலைக் குளிர்விக்கும் வசதியுடன், அனுபவமுள்ளவர் பயன்படுத்தலாம். ஐ.பி.எல். என்பது லேசரே அன்று. பல அலைநீளங்கள் கலந்த ஒளி வீச்சு அது. பல இடங்களில் அதையே லேசர் என்று சொல்லி விற்கிறார்கள். கருநிறத் தோலில் அதனால் புண்ணாகும் வாய்ப்பு அதிகம்.

முதலில் டாக்டரிடம்

இளம்பெண்ணின் முகத்தில் திடீரென முடி தடித்து வளர்வது சில வேளைகளில் உடலுக்குள் இருக்கும் கோளாறின் அறிகுறி. மாதவிலக்கு தவறுதல், உடல் பருத்தல், முகப்பரு ஆகியவையும் சேர்ந்திருந்தால், பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைக் கோளாறு இருக்கலாம். அதைக் கவனியாமல் முடியை மட்டும் சுட்டால், புதுமுடி முளைத்துக்கொண்டே இருக்கும். சிலருக்கு, குறிப்பாக முகத்திலும் கழுத்திலும், லேசருக்குப் பின் பூனைமுடி தடித்துப் பெருகுவதும் உண்டு. ஆகவே தோல் மருத்துவரையோ மகப்பேறு மருத்துவரையோ முதலில் பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல்நோய்ப் பிரிவு உண்டு. ஆலோசனைக்குப் பணம் தர வேண்டியதில்லை.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை

1. கருவியைப் பிடிப்பவர் யார்? வெள்ளை மேலங்கி அணிந்தவரெல்லாம் டாக்டர் அல்லர். எம்.பி.பி.எஸ். முடித்துத் தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ பெற்றவர் அங்கே இருக்கிறாரா, அவரே தோலைச் சோதித்துக் கதிரின் அளவைக் குறிக்கிறாரா என்று கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் தலைகாட்டும் டாக்டரின் பெயர்ப் பலகை மட்டும் போதாது. மருத்துவக் கவுன்சிலில் அவர் பதிந்துள்ள எண்ணைக் கேட்பதில் தவறில்லை.

2. இடம் பதிவு பெற்றதா? தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1997-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. அதன்படி பதிவு பெற்ற கிளினிக்கிடம் சான்றிதழ் இருக்கும். காட்டச் சொல்லுங்கள்.

3. எந்தக் கருவி? அதன் பெயரும் அலைநீளமும் கேளுங்கள். நம் தோல் நிறத்தவருக்கு அதைப் பயன்படுத்திய அனுபவம் உண்டா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

4. சோதனைக் கதிர் பாய்ச்சுவார்களா? முகம் முழுவதும் செய்யுமுன், தாடையின் கீழ் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். நம் நிறத்தில் கருமை சில நாள் கழித்தே தெரியக்கூடும். ஆகையால் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பது நலம்.

5. கண்ணுக்குக் காப்பு உண்டா? சிகிச்சை பெறுபவர், செய்பவர் இருவருக்கும் அந்தக் கருவிக்கென்றே உரிய கண்ணாடி வேண்டும். புருவத்தின் கீழும் கண் இமையருகிலும் லேசர் கூடவே கூடாது, விழி பழுதாகிவிடும்.

6. உங்களைப் பற்றிக் கேட்கிறார்களா? கர்ப்பமா, தழும்பு தடித்து வளரும் உடம்பா, உதட்டுப் புண் அடிக்கடி வருமா, முகப்பருவுக்கு மாத்திரை உண்டா, அண்மையில் வெயிலில் கருத்ததா என்றெல்லாம் வினவ வேண்டியது அவர்கள் கடமை. வினவாத இடம் தகுந்த இடமன்று.

"நூறு சதவீதம், நிரந்தரமாக" என்று எவரேனும் வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். லேசரால் முடி வெகுவாகக் குறையும். அடியோடு ஒழியும் என்று உறுதி கூற இயலாது. வளரும் பருவத்திலுள்ள முடியில்தான் கதிர் நன்கு பலிக்கும். எல்லா முடியும் ஒரே வேளையில் அப்பருவத்தில் இருப்பதில்லை. ஆகையால் நான்கு முதல் எட்டு வார இடைவெளியில், ஆறு தடவையோ அதற்கு மேலோ செல்ல நேரும். நரைத்த முடிக்கு லேசர் பலனளிக்காது. எனவே, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் ஓடுவது அறிவன்று. ஓராண்டுக்கு முன்பே தொடங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டாதீர்கள். பணம் போயிற்றே என்ற எண்ணமே, கன்னம் சுட்ட பிறகும் மறுபடி அங்கே போகச் சொல்லும்.

களிம்பால் வந்த சாவு

வலி தெரியாதிருக்கத் தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பூசுவார்கள். சிறிதளவு, சிறிய இடத்தில் என்றால் தீங்கில்லை. அமெரிக்காவில் 22, 25 வயதான இரு இளம்பெண்கள் லேசருக்குச் செல்லுமுன், மருந்துக்கடையில் கலந்து தந்த வீரியமிக்க களிம்பைக் கால்களில் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டனர். மருந்து இரத்தத்தில் ஏறி, வலிப்பு கண்டு, நினைவிழந்து, இருவரும் இறந்தனர். 2007 பிப்ரவரியில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இதைக் கூறிப் பொதுமக்களை எச்சரித்தது. "வீட்டிலேயே தடவி, தாள் சுற்றி வாருங்கள்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். எந்தக் களிம்பு, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதை டாக்டரே சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

சிகிச்சைக்கு முந்திய நான்கு வாரங்களில் நூலாலோ மெழுகாலோ முடியைப் பிடுங்கக்கூடாது. வேர் இல்லாவிட்டால் கதிருக்கு வேலை இல்லை. மழிக்கலாம். மழித்தால் முடி தடிக்கும் என்பது வெறும் நம்பிக்கை. முன்னும் பின்னும் சில வாரங்கள் வெயிலைத் தவிர்த்து, வெயில் காப்புக் களிம்பு பூசுங்கள்.

லேசருக்குப் பின் ஓரிரு நாள் சிவந்து, முடிக்காலைச் சுற்றிச் சற்றே வீங்கியிருப்பது இயல்பு. கொப்புளம், பொருக்கு, கருமை, வெண்மை ஆகியவை இயல்பல்ல. அப்போது மஞ்சளோ, எலுமிச்சையோ, பற்பசையோ பூசாதீர்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்து, அன்றே தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

திண்ணையில் அமர்ந்த அந்தப் பெண்ணை மறுநாளே தோல் மருத்துவரிடம் அனுப்பினோம். ஓலையும் தள்ளிப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையோடு காத்திருந்தனர். தழும்புகள் மங்க ஏழு மாதங்களாயின. ஒன்றிரண்டு இன்னும் உள்ளன. திருமணம் நன்கு நடந்தேறியது. பின்னொரு நாள் அந்தத் தாய் சொன்னார்: "சாமி, கத்தரிக்காய் வாங்கும்போதுகூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறேன். என் பிள்ளை முகத்தை மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டேனே!"

பெற்றோரே, உங்கள் மகளோடு நீங்களும் செல்லுங்கள், கேளுங்கள். நல்ல டாக்டர் கேள்விக்குச் சினங்கொள்ளமாட்டார்.