பழைய படகு வாங்கப் போகிறீர்களா?

தெலுக் இந்தான், பாகான் டத்தோ, கோலசிலாங்கூர், கேரித் தீவு ஆகிய வட்டாரங்களில் வாழும் தோட்ட மக்களுக்கு ஆறும் கழிமுகமும் தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடவும், வேலை ஓய்வுக்குப் பின் மீன் பிடித்து நான்கு காசு பார்க்கவும், சொந்தமாக ஒரு படகு இருந்தால் தேவலை என்று நினைப்பவர்கள் பலர். ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் அந்த ஆசை பெரிதாகிவிடுகிறது. புதுப் படகின் விலை நமக்கு எட்டாது. ஆகவே பழையதைத் தேடுகிறோம்.

பழையதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் காரும் மோட்டார் சைக்கிளும் கெட்டுப்போனால் சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்து வரலாம். படகு கெட்டுப்போனால் நடக்க வழியில்லை. முப்பது வருட உழைப்பின் பணமும், ஏறி அமர்பவர்களின் உயிரும் இதில் அடங்கியிருக்கின்றன. எனவே முன்பணம் கொடுக்கும் முன் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

எந்த இஞ்சின் நமக்கு ஏற்றது?

படகு இஞ்சின்களில் நாம் அதிகம் காண்பது அவுட்போர்ட். படகின் பின்பலகையில் வெளியே மாட்டப்பட்டிருக்கும். கழற்றி வீட்டுக்கே தூக்கிவரக்கூடிய சிறிய ரகங்களும் உண்டு. மற்றொன்று ஸ்டெர்ன்டிரைவ். இதில் கார் இஞ்சின் போன்ற பெரிய இஞ்சின் படகுக்குள்ளே இருக்கும். அதன் கால் மட்டும் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு தண்ணீரில் நிற்கும். வோல்வோ பென்டா நிறுவனம் 1959ஆம் ஆண்டில் இந்த முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு மெர்குரூசரும் வந்தது.

பணக்காரர்கள் உல்லாசமாக ஓட்டிய ஸ்டெர்ன்டிரைவ் படகுகள் பழையதானதும் மலிவு விலைக்கு வருவதுண்டு. பளபளப்பான உடல், மெத்தை இருக்கை எல்லாம் பார்த்து மயங்கிவிடாதீர்கள். இஞ்சினையும் காலையும் இணைக்கும் இடத்தில் ரப்பர் உறைகள் உண்டு. அவை வெடித்தால் படகு கட்டிய இடத்திலேயே தண்ணீர் புகுந்து மூழ்கலாம். உப்புத் தண்ணீரில் ஓடிய படகென்றால் புகைபோக்கி இரும்புகள் உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கும். அவற்றை மாற்றும் செலவு சில வேளைகளில் படகின் விலையையே தொட்டுவிடும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடியில் தங்கிவிடும். ஒரு பொறி பட்டால் போதும். அதனால்தான் உள்ளே பெட்ரோல் இஞ்சின் உள்ள படகில், காற்று வெளியேற்றும் விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட்ட பிறகே இஞ்சினை முடுக்கச் சொல்கிறார்கள். விலை மலிவென்று கார் ஸ்டார்ட்டரை அதில் மாட்டுவதும் கூடாது. படகுக்கென்று செய்யப்பட்டது பொறி வெளியே வராதபடி மூடப்பட்டிருக்கும். கார் ஸ்டார்ட்டர் அப்படியல்ல.

ஆற்றுக்கும் கழிமுகத்துக்கும், குறைந்த பணத்துக்கும் ஏற்றது ஃபைபர் படகும் அவுட்போர்ட் இஞ்சினும்தான். பழுதானால் இஞ்சினை மட்டும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு போகலாம்.

உடலைத் தட்டிப் பாருங்கள்

படகைக் கரையில் ஏற்றி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திருப்புளியின் கைப்பிடியால் ஃபைபர் உடலை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். 'தொப்' என்று ஒலித்தால் உள்ளே இருக்கும் பலகை ஊறி மக்கியிருக்கலாம். இஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பின்பலகையும் சேர்ந்து அசைந்தால் அந்தப் படகு வேண்டாம். மரச் சம்பான் என்றால் தண்ணீரில் அமிழும் பகுதியைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் மரம் துளைக்கும் புழு உண்டு. வெளியே சிறு துளைதான் தெரியும், உள்ளே பலகை சல்லடையாகியிருக்கும்.

இஞ்சினைச் சோதிப்பது எப்படி?

முதலில் இஞ்சின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறும்வரை காத்திருங்கள். ஆறிய இஞ்சின் எத்தனை இழுப்பில் உயிர் பெறுகிறது என்பதே உண்மையைச் சொல்லும்.

அடுத்து, காலின் அடியில் உள்ள திருகைக் கழற்றிச் சிறிது கியர் எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துகள்கள் மின்னினால் பல்சக்கரம் தேய்கிறது.

ஓடும்போது பின்புறத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்க வேண்டும். அதுதான் இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர். சொட்டுச் சொட்டாக வந்தால் ரப்பர் இறைப்பான் தேய்ந்திருக்கலாம். தண்ணீரில்லாமல் கரையில் வைத்து முடுக்கிக் காட்டுபவரை உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடத்தில் அந்த ரப்பர் கருகிவிடும்.

பட்டறைக்காரர் ஒருவரைக் கூட அழைத்துச் சென்று கம்ப்ரெஷன் அளக்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கிடையே பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு இருந்தால் வாங்குவதை யோசியுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.

காலின் நீளமும் முக்கியம். குட்டைக்கால் இஞ்சின் 15 அங்குலப் பின்பலகைக்கும், நீளக்கால் 20 அங்குலப் பின்பலகைக்கும் உரியவை. மாறினால் படகு சரியாக ஓடாது.

கடைசியாக, வழக்கமாக எத்தனை பேர் ஏறுவீர்களோ அத்தனை பேரோடு அரை மணி நேரம் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். "நாளைக்குப் பார்க்கலாம், இப்போது முன்பணம் கொடுங்கள்" என்பவரிடம் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள்.

தாளும் பணமும்

இஞ்சினின் எண் தட்டைப் பாருங்கள். சுரண்டப்பட்டிருந்தால் திருட்டுச் சாமானாக இருக்கலாம். பழைய ரசீதைக் கேளுங்கள். உங்களுக்கும் எழுத்து மூலம் ரசீது வாங்குங்கள். படகின் பதிவு பற்றிக் கடல்துறை இலாகாவில் விசாரியுங்கள். கடலில் மீன் பிடித்து விற்க எண்ணினால் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி உரிமம் தேவை. மீன்வள இலாகாவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். படகு வாங்கிய பிறகு கேட்டால் படகு கரையிலேயே கிடக்கும்.

கையில் பத்து வெள்ளி இருந்தால் ஏழு வெள்ளிக்கு மட்டும் படகு பாருங்கள். மூன்று வெள்ளி முதல் வருடப் பழுதுக்கு. மீன் விற்று அடைக்கலாம் என்று ஆலோங்கிடம் கடன் வாங்கிப் படகு வாங்காதீர்கள். மழைக்காலத்தில் மீன் வராது, வட்டி வரும்.

வாங்கிய பிறகு

உப்புத் தண்ணீரில் ஓடிய இஞ்சினை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுங்கள். டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு எண்ணெய்க் கலவையைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் கலக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லிலிட்டர். மோட்டார் சைக்கிள் எண்ணெயை ஊற்றாமல், டிசி-டபிள்யூ3 என்று அச்சிட்ட படகு எண்ணெயை வாங்குங்கள்.

குடும்பத் தலைவிகளுக்கும் ஒரு வார்த்தை. கணவரோ மகனோ படகு வாங்கி வந்தால் இஞ்சின் எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்கும் முன், உயிர்காப்புச் சட்டைகள் எத்தனை என்று கேளுங்கள். ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும். குழந்தைக்குக் குழந்தை அளவில் வேண்டும். ஓட்டுபவர் இஞ்சினை நிறுத்தும் கயிற்றைக் கையில் மாட்டியிருக்க வேண்டும். அவர் தவறி விழுந்தால் இஞ்சின் தானே நின்றுவிடும். ஒரு துடுப்பு, தண்ணீர் இறைக்க ஒரு டின், ஒரு டார்ச் விளக்கு. இவை இல்லாத படகில் உங்கள் வீட்டார் யாரும் ஏற வேண்டாம்.